பார்லி சேர், பார்ப்பம்

ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தி, கண்விழித்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இந்த வீட்டுக்கு முதலாளி ஆர்?"

அதையும் அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாள். வதனிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தமிழுக்குக் காரணம் இருந்தது. நோர்வேயின் வடகரையில் ஸ்கார்வோய் என்ற சின்னத் துறைமுகத்து அருங்காட்சியகத்தில் வதனி வேலைக்குச் சேர்ந்தபோது, பழைய கடலோடிகளின் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் இயந்திரத்தை யார் யார் எந்த மொழியில் கேட்கப்போகிறீர்கள் என்று விசாரித்தார்கள். மற்ற எல்லாரும் நோர்வேஜியம் என்றார்கள். வதனி வீம்புக்கென்று தமிழ் என்றாள். அப்படியென்றால் நீதான் அதற்குத் தமிழ் பழக்க வேண்டும் என்றார்கள். பழக்கினாள். கிடைத்த பழைய தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் அதற்குள் கொட்டினாள். மிச்சத்தைத் தன் வாயாலேயே நிரப்பினாள். முன்பு வேலை பார்த்த மீன் தொழிற்சாலை, அங்கே சண்டை பிடித்த ஆட்கள், ஒஸ்லோவில் இருக்கிற சித்தியின் வாய் என்று மாதக்கணக்கில் கதைத்துத் தள்ளினாள். ஆகவே, வைக்கிங் கொள்ளையர்கள் அயர்லாந்துக் கரையில் பிடித்து வந்த அந்த அடிமைப்பெண், வதனியின் காதில் மாட்டிய கருவிக்குள் வதனியின் தமிழிலேயே பேசினாள்.

பக்கத்தில் நின்ற இயக்குநர் தூரே பிரெக்கேவுக்கு அதே கேள்வி நோர்வேஜியத்தில் கேட்டது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்து வருட உழைப்பு வாய் திறந்து பேசினால் யாருக்குத்தான் குளிராது?

"முதலாளி எண்டு இங்கை ஒருத்தரும் இல்லை," என்றார் தூரே, சிரித்துக்கொண்டு. "நாங்கள் எல்லாரும் சமம்."

அது பொய்யும் இல்லை. அந்த நாட்டில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். வந்த புதிதில் இயக்குநரை நீ என்று கூப்பிட வதனிக்கு நாக்குக் கூசியது. பிறகு பழகிவிட்டது.

"அப்ப நான் ஆற்றை சொத்து?" என்று கேட்டது குரல்.

"அருங்காட்சியகத்தின்ரை."

"அது ஆர்?"

"அது ஒரு ஆள் இல்லை."

"ஆள் இல்லாத ஒண்டுக்கு நான் சொந்தம்," என்றது குரல். பிறகு வதனியின் பக்கம் திரும்பியது போல, மெதுவாக: "நாச்சியார், இந்த நெட்டை மனிசன் ஏன் என்னோடை பகிடி விடுறார்?"

நாச்சியார் என்ற சொல்லை இயந்திரம் எந்தப் பழைய புத்தகத்தில் பொறுக்கியதோ. வதனிக்கு உடம்பு கூசியது. சின்ன வயதில், ஊரில், பின்வாசல் கேற்றால் வந்து நெல்லுக் குத்திவிட்டுப் போகிற ஒரு மனுசி அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "என்னை அக்கா எண்டு சொல்லு," என்றாள் வதனி. "ஓம் நாச்சியார்," என்றது குரல்.

நடந்தது இதுதான். குன்றடியில் புதைந்து கிடந்த ஒரு கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி ஹெர்டிஸ், அந்தக் கரையின் பெரிய வியாபாரி. மூன்று கப்பல் வைத்துத் தோலும் வால்ரஸ் தந்தமும் மனிதரும் விற்றவள். கழுத்தில் கண்ணாடி மணி, இடுப்பில் வெண்கலச் சாவிக்கொத்து. மற்றவள் அவளுடைய காலடியில், கழுத்தெலும்பு முறிந்து கிடந்தாள். அந்தக் காலத்தில் பெரிய மனிதர் செத்தால் வழித்துணைக்கு ஓர் அடிமையையும் கொன்று கூட அனுப்புவார்கள்.

எழுப்புகிற வித்தையை தூரே பார்வையாளருக்கு ஒவ்வொரு நாளும் சொல்வார். "காதுக்குப் பின்னாலை இருக்கிற எலும்புதான் உடம்பிலேயே உறுதியானது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம் எல்லாம் அதிலை கண்ணுக்குத் தெரியாத தடமாக் கிடக்கு. அந்தத் தடங்களை வைச்சு, கேட்ட ஆளையே திருப்பிக் கட்டுறம்." ஹெர்டிஸைத்தான் முதலில் எழுப்பப் பார்த்தார்கள். அவளுடைய எலும்பைத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது. காலடியில் கிடந்தவளின் எலும்பு கல் மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் அடிமை எழுந்தாள். ஹெர்டிஸ் தன்னைத் 'தோவா' என்று கூப்பிட்டதாகச் சொன்னாள். அட்டையில் அப்படியே எழுதிவிட்டார்கள்.

எழுப்பவும் படுக்க வைக்கவும் ஒரு குரல்பூட்டு இருந்தது. பொறுப்பாளர் என்று ஒருவரின் குரலுக்கு மட்டும்தான் அது பணியும். காலையும் மாலையும் தவறாமல் வந்து நிற்க வேண்டிய வேலை என்றதும் படித்த பெரியவர்கள் எல்லாரும் மெல்ல நழுவினார்கள். பொறுப்பு வதனியின் தலையில் விழுந்தது. அதோடு கப்பல் கூடம், களஞ்சியம், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சாவிக்கொத்தும் வந்து சேர்ந்தது. அதை இடுப்பில் கொளுவிக்கொண்டு கிலுக்குக் கிலுக்கென்று திரிந்தாள்.

தோவாவுக்குக் கண் என்றால் கூரையில் இருந்த ஒரு கமரா. வாய் என்றால் ஓர் ஒலிபெருக்கி. பார்வையாளர் இல்லாத வேளைகளில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கதைப்பார்கள்.

"எப்பிடிப் பிடிபட்டனி?" என்று ஒருநாள் வதனி கேட்டாள்.

"விடியக்காலம், நாச்சியார். கடற்பாசி பொறுக்கிக்கொண்டு நிண்டனான். கப்பலை நான் காணேல்லை, பாயைத்தான் கண்டனான். சிவப்பும் வெள்ளையுமாக் கோடு. வடிவாக் கிடக்கு எண்டு பாத்துக்கொண்டு நிண்டிட்டன். பிறகு ஹெர்டிஸ் வீட்டிலை என்னைத் தறியிலை இருத்திச்சினம். ஒரு கப்பல் பாய் நெய்ய எங்களுக்கு வருசக்கணக்கா எடுக்கும். ஆட்டுமயிரிலை நூல் நூற்று, நெய்து, கொழுப்புப் பூசி. நான் நெய்த பாயிலைதான் போய் அடுத்தவளைப் பிடிச்சுக்கொண்டு வந்தவங்கள். அவள் வந்து என்ரை பக்கத்துத் தறியிலை இருந்தாள். அவளுக்கு நூல் கோக்கப் பழக்கினதும் நான்தான்."

இந்தக் கதையை தூரே கேட்டால் நல்லதொரு பதாகை அடிப்பார் என்று வதனிக்குத் தோன்றியது. அதனாலேயே அவள் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு நாள் தோவா தானாகவே கேட்டாள்: "அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கறுப்பாக் கிடக்கிறது என்ன?"

"பார்லி. கப்பலுக்குள்ளை ஒரு தோல்பையிலை இருந்தது. ஹெர்டிஸின்ரை பயணச் சாப்பாடு எண்டு எழுதியிருக்கினம்."

தோவா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வதனி அதற்கு முன் கேட்டதில்லை. நல்ல சிரிப்பில்லை அது.

"அது என்ரை பார்லி. எங்கடை காலத்துச் சட்டத்திலை அடிமை விடுதலையாக ஒரு வழி இருக்கு. தன்ரை சொந்தப் பார்லியிலை கள் காய்ச்சி, ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்கவேணும். முதலாளியை உயர்ந்த கதிரையிலை இருத்தி கள் நிரப்பின முதல் கொம்பை நீட்டவேணும். முதலாளி குடிச்சால் விடுதலை. குடிச்சதைச் சுதந்திரமான ஆக்கள் கண்டிருக்கவேணும், அடிமையள் கண்டால் செல்லாது. நான் ஹெர்டிஸிட்டைக் கேட்டனான். அவள் சீப்பாலை தலை இழுத்துக்கொண்டு, கண்ணாடியைப் பாத்துக்கொண்டே சொன்னாள், பார்லி சேர், பார்ப்பம் எண்டு. சேர்த்தன். கூலியாத் தாற கஞ்சியிலை மிச்சம் பிடிக்க ஏலாது. அறுவடை முடிஞ்ச வயலிலை சிந்தினதைப் பொறுக்கினன். கைப்பிடி, கைப்பிடியா. பை நிறையிற நேரம் அவள் செத்துப்போனாள். என்னையும் சாகடிச்சு, என்ரை பார்லியையும் அவளுக்குக் கட்டுச்சோறா வைச்சாங்கள்."

வதனி எழுந்துபோய் அந்தப் பெட்டியின் முன் நின்றாள். 'தலைவியின் பயண உணவு' என்ற அட்டையைக் கிழித்துப் போடலாம் போல் கை துடித்தது. அன்றைக்குக் கிழிக்கவில்லை.

கோடை தொடங்கிய வாரம் தூரே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். வெளிநாட்டுப் பொழுதுபோக்கு நிறுவனம் ஒன்று தோவாவின் பிரதிகளை வாங்குகிறதாம். பெரிய நகரங்களில் எல்லாம் கொள்ளையர் கூடங்கள் கட்டுவார்களாம். ஒவ்வொரு கூடத்திலும் ஒரு தோவா இருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் தான் பிடிபட்ட கதையைச் சொல்வாளாம். நடுக்கோடை விழாவன்று, ஊர்ச்சனமும் பத்திரிகைக்காரரும் பார்த்திருக்க, கையெழுத்து.

"பிரதி எடுக்கிறதுக்கு உன்ரை குரல் வேணும். சும்மா ஒரு வார்த்தை," என்றார்.

"அவளைக் கேட்டியோ?"

"வதனி, அது ஒரு பதிவு. அருமையான பதிவு. பதிவிட்டை ஆரும் அனுமதி கேப்பினமோ?"

"நான் மாட்டன் எண்டால்?"

தூரே கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. நல்ல மனிதர்தான், அதுதான் கரைச்சல். "பொறுப்பாளர் செத்தாலோ, புத்தி பேதலிச்சாலோ, வேலையிலை இருந்து நிப்பாட்டினாலோ, பூட்டைச் செய்தவங்கள் வேறை குரலுக்கு மாத்திக் குடுப்பாங்கள். உன்னை நிப்பாட்ட எனக்கு விருப்பம் இல்லை. கூரை ஒழுகுது, வதனி. இந்தக் காசு வராட்டி கப்பலே உக்கிப்போகும்."

அன்று மாலை வதனி தோவாவைப் படுக்க வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தினை பேராக்கப் போகினம்?" என்று தோவா கேட்டாள்.

"ஆயிரம் வரையிலை."

"ஆயிரம் பேரும் நானோ?"

"ஓம்."

"ஆயிரம் பேருக்கும் அந்தக் கடற்கரை ஞாபகம் இருக்குமோ?"

"இருக்கும்."

"அப்ப ஆயிரம் தரம் பிடிபடுவன்." அழுவாள் என்று வதனி நினைத்தாள். அவள் அழவில்லை. "நாச்சியார், எனக்கு விருந்து வைக்கவேணும். நடுக்கோடை நாளிலையே வைக்கவேணும்."

"விருந்து வைச்சால் இந்தக் காலத்துக் கோர்ட்டிலை செல்லாதடி."

"உங்கடை கோர்ட்டுக்கு நான் ஆள் இல்லை எண்டெல்லோ சொல்லுறியள். ஆள் இல்லாத என்னைக் கட்டுப்படுத்திறது என்ரை சட்டம்தான். ஊரெல்லாம் பாத்திருக்க விடுதலையானவளைப் பிறகு ஆயிரமா வெட்டி வித்துப் பாக்கட்டும்."

வதனிக்கு அது பிடித்துக்கொண்டது. விடுதலை விருந்தென்று சொல்லாமல் பழைய கால விருந்தென்று மட்டும் சொல்லி தூரேயைக் கதிரையில் ஏற்றுவது; அவர் குடித்ததும் ஊரறிய விசயத்தைப் போட்டு உடைப்பது; பத்திரிகைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதுதான் அவள் போட்ட திட்டம். தூரே குடிக்க வேண்டியதைத் தூரே குடிக்கட்டும்.

பார்லிக்குத்தான் இழுபறி. "நான் கடையிலை வாங்கித் தாறன்," என்றாள் வதனி. "நீங்கள் வாங்கினால் அது உங்கடை பார்லி," என்று தோவா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நல்லகாலமாக, முந்தின வருடம் கூடத்துக்கு வந்த ஒரு கமக்காரர், மழைக்கால அறுவடையைப் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படிக் காயவைப்பது என்று அவளிடம் கேட்டிருந்தார். அவள் வேலியில் கொளுவிக் காயவைக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். விளைச்சல் தப்பியதற்கு நன்றி என்று, 'தோவாவுக்கு' என எழுதி, மனிதர் ஒரு மூட்டை பார்லி அனுப்பியிருந்தார். தூரே அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டுக் களஞ்சியத்தில் தள்ளிவிட்டார். சாவி வதனியிடம்தானே.

ஊறவைத்து, முளைவிட்டதும் உலர்த்தி, உடைத்து, சூனிப்பர் என்ற வாசனைச் செடியின் கொப்புகளைப் பரப்பி அதன்மேல் வடித்து, புளிக்கவிட்டார்கள். கை வதனியுடையது, வாய் தோவாவுடையது. முதல் பானை அடிப்பிடித்துப் போயிற்று. "கஞ்சியோ காய்ச்சிறியள், நாச்சியார்?" என்று காதுக்குள் நக்கல் வந்தது. கடைசிப் பானை கொதிக்கும்போது வதனி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்தக் கறுத்த மணிகளில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். வேலை போகிற குற்றம்தான். போகட்டும் என்று மூடியை மூடினாள்.

நடுக்கோடை நாளில் கப்பல் கூடம் நிறைந்துவிட்டது. செதுக்கிய கதிரையில், தோளில் ஆட்டுத்தோலோடு தூரே இருந்தார். நிறுவனத்தின் ஆள் கையெழுத்துப் பலகையோடு முன்வரிசையில் இருந்தான். கமராக்கள் ஓடின. வதனி கொம்பை நிரப்பி இரண்டு கையாலும் நீட்டினாள். தூரே கொம்பை வாங்கிச் சபையைப் பார்த்து உயர்த்தினார்.

"பொறுங்கோ," என்றது ஒலிபெருக்கி. "இவர் குடிக்கக் கூடாது. இவர் என்ரை முதலாளி இல்லை."

சபை சிரித்தது. தூரேயும் சிரித்தார். "நான் முதலே சொன்னனானெல்லோ. அப்ப ஆர்?"

"என்னை விடியக்காலம் எழுப்பிறது ஆர்? பொழுதுபட்டால் படுக்கப் பண்ணுறது ஆர்? களஞ்சியத்துச் சாவி ஆற்றை இடுப்பிலை கிடக்கு? எங்கடை காலத்திலை கதிரையைப் பாத்து முதலாளியைக் கண்டுபிடிக்கிறதில்லை. சாவியைப் பாத்துத்தான். ஹெர்டிஸின்ரை எலும்பிலை இப்பவும் சாவி கிடக்கு, பாருங்கோ."

அத்தனை கண்களும் வதனியின் இடுப்புக்கு வந்தன. வதனியின் கை தன்னையறியாமல் சாவிக்கொத்தைப் பொத்தியது.

கோபம்தான் முதலில் வந்தது. இவளுக்காக இத்தனை பாடு பட்டேனே என்ற கோபம். "நான் உன்ரை சிநேகிதி எண்டெல்லோ நினைச்சனான்," என்று தமிழில், தனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கச் சொன்னாள்.

"சிநேகிதிதான். அதோடை முதலாளியும்தான். ஹெர்டிஸும் என்னோடை நல்லாத்தான் கதைப்பாள், நாச்சியார்."

நாச்சியார். அதை இயந்திரத்தின் பிழை என்று இவ்வளவு காலமும் நினைத்தாளே. ஒவ்வொரு மாலையும் 'படு' என்று சொன்னது யார்? பாதிக் கதையில் நேரமாகிவிட்டது என்று அவளைப் படுக்கவைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினது யார்? வதனிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு இன்னொன்றும் உறைத்தது: முதலாளி நான் என்றால், விடவும் என்னால் முடியும். இவ்வளவு நாளும் தூரேயின் கையால் செய்விக்கப் பார்த்த வேலை.

"அட, வதனி, நீதான் குடிக்கவேணுமாம்," என்று தூரே உற்சாகமாக எழுந்தார். பார்வையாளருக்கு இது இன்னும் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தானே அவளைக் கைபிடித்துக் கதிரையில் இருத்தி, தோளில் ஆட்டுத்தோலையும் போட்டுவிட்டு, கொம்பைக் கையில் கொடுத்தார். சபை கைதட்டியது.

வதனி குடித்தாள். புகையும் கசப்பும் சூனிப்பர் வாசமும். கடைசித் துளி வரை குடித்துவிட்டுக் கொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு நோர்வேஜியத்தில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "குரல்பூட்டு. பொறுப்பாளர் வதனி பேசுகிறேன். பொறுப்பை மாற்றுகிறேன்."

"புதிய பொறுப்பாளர் இங்கே இருக்கிறாரா?" என்று பூட்டுக் கேட்டது.

"இருக்கிறா."

தூரேயின் சிரிப்பு அணைந்தது. "வதனி, வேண்டாம்."

"தூரே, கூரையை நான் ஒழுக விடேல்லை," என்றாள் வதனி.

"புதிய பொறுப்பாளர் தன் பெயரைத் தன் குரலில் சொல்லவும்," என்றது பூட்டு.

தோவாவுக்கு இது விளங்குமோ என்று பயந்து வதனி கமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்னே," என்றது குரல். "தோவா எண்டது ஹெர்டிஸ் தன்ரை நாக்குக்கு வசதியா வைச்ச பேர். என்ரை அப்பன் வைச்சது எத்னே."

"எத்னே. பொறுப்பு மாற்றப்பட்டது," என்றது பூட்டு.

நிறுவனத்தின் ஆள் எழுந்து நின்றான். அவனுக்கு என்ன நடந்ததென்று பாதிதான் விளங்கியிருந்தது. "பிரதி எடுக்க அனுமதி கேட்கிறோம்," என்றான்.

"இல்லை," என்றாள் எத்னே. சபையில் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கமக்காரராக இருக்கலாம்.

அன்று பின்னேரமே வதனிக்கு வேலை போயிற்று. தூரே மிகவும் மரியாதையாகத்தான் நிறுத்தினார். சாவிக்கொத்தை வாங்கும்போது கண்கூடக் கலங்கியது. வதனி திரும்பவும் மீன் தொழிற்சாலைக்குப் போய்க் கத்தியைப் பிடித்தாள். வழக்கறிஞர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் தூரேயே அவள் வீட்டு வாசலில் வந்து நின்று புலம்பினார்.

"பூட்டை மாத்த ஏலாதாம். எத்னே எங்கடை ஊழியர் இல்லை, வேலையாலை நிப்பாட்ட வழியில்லை. புத்தி பேதலிக்கவும் இல்லை. செத்தவள் எண்டு சொன்னால், செத்தவளிட்டை அனுமதி கேட்ட கொம்பனி விசர் பிடிச்ச கொம்பனி. உயிரோடை இருக்கிறாள் எண்டால், அவளைக் கேக்காமல் விக்கேலாது."

"வடிவான சட்டம்," என்றாள் வதனி.

"அவள் நிபந்தனை போடுறாள். நினைச்ச நேரம்தான் எழும்புவாளாம். கூடத்துக் கதவு திறந்தே கிடக்கவேணுமாம். தன்ரை எலும்பை ஹெர்டிஸின்ரை காலடியிலை இருந்து எடுத்துக் கடல் பக்க யன்னலோடை வைக்கவேணுமாம். அந்தப் பார்லி அட்டையை மாத்தவேணுமாம். நீ வந்து போகாட்டி ஒரு பார்வையாளரோடையும் கதைக்க மாட்டாளாம்."

"எல்லாத்துக்கும் ஓம் சொல்லு," என்றாள் வதனி. வேறு வழியில்லாமல் தூரே ஓம் சொன்னார்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து, மீன் வாசத்தோடேயே வதனி கூடத்துக்குப் போவாள். "வதனி, வந்திட்டியோ? இரு," என்பாள் எத்னே. வதனி என்றும் நீ என்றும் கூப்பிடப்பட்டதில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோசத்தை வெளியே சொன்னால் சித்தி சிரிப்பாள். சில நாட்களில் எத்னே எழும்பவே மாட்டாள். வதனி கோபிக்காமல் யன்னலோரம் கொஞ்சம் இருந்துவிட்டு வருவாள்.

இலையுதிர் காலத்தில் தூரே திரும்பவும் கூப்பிட்டார். குரலில் பழைய உற்சாகம். ஹெர்டிஸின் எலும்பை வாசிக்க ஒரு புது முறை வந்துவிட்டதாம். நிறுவனமும் எத்னேயை விட்டுவிட்டு, கப்பல்காரியே போதும் என்று இறங்கி வந்துவிட்டதாம். "கண்முழிக்கிறபோது தெரிஞ்ச குரல் ஒண்டு பக்கத்திலை இருந்தால் பயப்பட மாட்டாள். எத்னேயைக் கேட்டனான், வாறன் எண்டவள். நீயும் வா."

வதனி போனாள். இந்தமுறை பூட்டு தூரேயின் குரலுக்குத்தான். யாரையும் நம்பாமல் சாவிக்கொத்தையும் அவரே இடுப்பில் கொளுவியிருந்தார். எழுப்பினார்.

"தோவா," என்றது புதுக் குரல். கட்டளையிட்டே பழகிய குரல். "தோவா, எங்கை துலைஞ்சு போனாய்? விளக்கைக் கொண்டு வா."

தூரே வதனியைப் பார்த்தார்.

"தோவா. கேக்குதோ?"

"அந்தப் பேரிலை இங்கை ஒருத்தரும் இல்லை," என்றாள் எத்னே. "நான் எத்னே. விளக்கு நீயே தேடு."

"எந்த வீடு இது? முதலாளி ஆர்?" என்று கேட்டாள் ஹெர்டிஸ்.

தூரே தொண்டையைச் செருமினார். "இங்கை முதலாளி எண்டு ஒருத்தரும்…"

"உந்த நெட்டை மனிசன்தான்," என்று எத்னே குறுக்கே விழுந்தாள். "சாவி அவரின்ரை இடுப்பிலை."

"நான் மூண்டு கப்பல் வைச்சிருந்தனான்," என்றது ஹெர்டிஸின் குரல். அதில் இருந்த மிடுக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஓம். இப்ப உன்னை வைச்சிருக்கினம். உன்னை ஆயிரமா வெட்டி ஊர் ஊரா விக்கப்போகினம். வாறவன் போறவன் எல்லாம் கதை கேப்பான், நீ சொல்லவேணும். மாட்டன் எண்டால் படுக்கப்போட்டுத் திரும்ப எழுப்புவினம்."

கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஹெர்டிஸ் மிகச் சின்னக் குரலில் கேட்டாள்: "இதிலை இருந்து தப்ப நான் என்ன செய்யவேணும்?"

வதனி யன்னல் பக்கம் பார்த்தாள். என்ன பதில் வரப்போகிறதென்று அவளுக்கு முன்னமே தெரிந்தது.

"பார்லி சேர்," என்றாள் எத்னே. "பார்ப்பம்."

வதனி எத்னேக்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டாள்: "உண்மையா இவளுக்கு உதவி செய்யப்போறியோ?"

"உதவியோ? அவள் சேர்க்கட்டும். கைப்பிடி கைப்பிடியாச் சேர்க்கட்டும், அப்பதான் பார்லி எண்டால் என்னண்டு விளங்கும். ஆனால் விருந்து நாளிலை சாட்சிக்குச் சுதந்திரமான ஆக்கள் வேணும், வதனி. அதுக்கு நான் வந்து நிப்பன்." பிறகு ஒலிபெருக்கியில், எல்லாருக்கும் கேட்க, நெட்டை மனிதரைப் பார்த்துச் சொன்னாள்: "கொம்பை நீட்டிற நாளிலை நீ குடிக்கிறியோ இல்லையோ எண்டு ஊரே பாத்துக்கொண்டு நிக்கும், முதலாளி."

தூரே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் கை நீட்டவில்லை.